95 வயது வரைக்கும் ஒரு வீடு: புக்கிட் பாத்தோக்கில் சிங்கப்பூர் செய்து பார்க்கும் சோதனை

வீடு பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை சதுர அடி என்றுதான். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் முதியோருக்கென்று கட்டிய ஓர் அடுக்குமாடியில் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. எல்லா வீடும் 32 சதுர மீட்டர், அதாவது சுமார் 344 சதுர அடி. அங்கே விலையை ஏற்றுவதும் இறக்குவதும் ஆண்டுக் கணக்கு. 2021-இல் விற்பனைக்கு விட்டபோது 15 ஆண்டுக் குத்தகைக்கு ஏறக்குறைய 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 35 ஆண்டுக்கு 65,000 வெள்ளி, நடுவில் ஐந்தைந்து ஆண்டாகப் படிகள். “எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஒரு முதியவர் வீடு வாங்க வேண்டும். முதல் தடவை கேட்கும்போது அபசகுனமாகத்தான் படும்.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (சுருக்கமாக வீவக) 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு விட்ட சமூகப் பராமரிப்பு வீடுகள் இவை. மொத்தம் 169. தேசிய வளர்ச்சி அமைச்சு, சுகாதார அமைச்சு, வீவக மூன்றும் சேர்ந்து தொடங்கிய சோதனைத் திட்டம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்தான் வாங்க முடியும். வீட்டோடு ஒரு பராமரிப்புத் தொகுப்பையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். வீடு மட்டும் போதும், கவனிப்பு வேண்டாம் என்று சொல்ல முடியாது. இருந்த வீடுகளைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு வந்தன.

இந்த 169 வீட்டைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. பின்னால் இருபது, முப்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

வீடு உண்டு, கையில் காசு இல்லை

சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள் அல்ல, வாங்கியவர்கள். வாங்கியது என்றால் 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அரசுடையது. 1966-இல் வந்த நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு தீவின் பெரும்பகுதி அரசின் கைக்குப் போனது. வீட்டு விலைக்கான பணம் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் மத்திய சேம நிதியிலிருந்து போகும்.

இதன் விளைவு முதுமையில் தெரிகிறது. உழைத்த காலத்துச் சேமிப்பின் பெரும்பங்கு சுவரில் இருக்கிறது. நாலறை வீட்டில் உட்கார்ந்துகொண்டு மீன் வாங்கக் கணக்குப் பார்க்கிற நிலை. வீட்டை விற்றால் சில லட்சம் வெள்ளி வரும். அப்புறம் எங்கே போவது?

அந்த ‘எங்கே’ என்ற கேள்விக்கு வீவக ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விடை தயாரித்திருக்கிறது. 1990-களின் கடைசியில் 55 வயது தாண்டியவர்களுக்கென்று ஸ்டூடியோ வீடுகளை 30 ஆண்டுக் குத்தகையில் கொண்டுவந்தது. 2009-இல் குத்தகையைத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தது: வீட்டை விட்டு நகராமலே, மிச்சமிருக்கும் ஆண்டுகளில் வால் பகுதியைக் கழகத்திடமே விற்றுவிடலாம். முதலில் மூவறை, அதற்கும் சிறிய வீடுகளுக்கு மட்டும் இருந்தது. 2015-இல் நாலறை வீடுகளுக்கு விரிந்தது, 2019-இல் எல்லா வகை வீடுகளுக்கும். அதே 2015-இல் ஸ்டூடியோ வீடுகள் போய், ஈரறை ஃபிளெக்ஸி வீடு என்ற ஏற்பாடு வந்தது. 55 வயதைத் தாண்டியவர்கள் அதை 15 முதல் 45 ஆண்டு வரை, ஐந்தைந்து ஆண்டுப் படிகளில், வேண்டிய அளவுக்குக் குத்தகைக்கு எடுக்கலாம். முக்கியமான நிபந்தனை: குத்தகை முடியும்போது வாங்குபவருக்கும் அவருடைய துணைக்கும் குறைந்தது 95 வயது ஆகியிருக்க வேண்டும்.

இந்த 95 என்கிற எண்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. புக்கிட் பாத்தோக்கிலும் இதே விதிதான். 70 வயதுக் கணவருக்கு 25 ஆண்டு போதும். மனைவிக்கு 66 என்றால் அவருக்கு 29 வேண்டும். ஆக இருவருக்குமாக 30 ஆண்டு எடுக்க வேண்டும். சோதிடம் தேவையில்லை, கழித்தல் கணக்கு போதும்.

கம்போங் அட்மிரல்ட்டி: அடுக்கிவைத்த கிராமம்

வீட்டையும் கவனிப்பையும் ஒரே இடத்தில் வைக்கிற முயற்சி புக்கிட் பாத்தோக்கில் தொடங்கவில்லை. வடக்கே உட்லண்ட்ஸில், அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி 2018-இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டியில்தான் அதற்கு ஒரு முழு வடிவம் கிடைத்தது. கம்போங் என்றால் கிராமம். சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் ‘கம்பத்து வீடு’ என்று சொல்வார்கள். கம்பத்தை இடித்து அடுக்குமாடி கட்டிய கழகமே அடுக்குமாடிக்குக் கம்பம் என்று பெயர் வைத்ததில் கொஞ்சம் நகைச்சுவை இருக்கத்தான் செய்கிறது.

இடம் 0.9 ஹெக்டேர், உயரம் 45 மீட்டரைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமில்லாததால் வோஹா கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. கீழே கூரையுள்ள திறந்த முற்றம், உணவங்காடி நிலையம். நடுவில் மருத்துவ நிலையம். சிறு அறுவை சிகிச்சைக்குக்கூட பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். மேலே படிப்படியாக ஏறும் பூங்கா, காய்கறித் தோட்டம், முதியோருக்கான 104 வீடுகள். குழந்தைகள் பராமரிப்பு நிலையமும் முதியோர் நடவடிக்கை நிலையமும் அக்கம்பக்கம். 2018-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது இதற்குக் கிடைத்தது.

விருது கிடைத்தது கட்டடத்துக்கு. எனக்குப் பெரிதாகப் பட்டது வீட்டு வாசல்களுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பெஞ்சுகள். கதவைத் திறந்து வெளியே வந்தால் உட்கார ஓர் இடம், எதிர்வீட்டுக்காரரைப் பார்க்க ஒரு சாக்கு. நம் பாட்டிமார்களின் திண்ணை செய்த வேலை அது.

ஆனாலும் கம்போங் அட்மிரல்ட்டியில் கவனிப்பு கட்டடத்தின் காலடியில்தான் இருந்தது. தேவைப்படுகிறவர் மின்தூக்கியில் இறங்கிப் போக வேண்டும். இறங்க முடியாமல் கிடப்பவரை யார் வந்து பார்ப்பது என்பது வீட்டு ஒப்பந்தத்தில் இல்லை. புக்கிட் பாத்தோக்கில் அதைத்தான் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

32 சதுர மீட்டருக்குள்ளும் அதற்கு வெளியிலும்

வீட்டுக்குள் தனிப் படுக்கையறை கிடையாது. நகர்த்தும் தடுப்பு ஒன்று இருக்கிறது. இழுத்தால் படுக்குமிடம் தனியாகும், தள்ளினால் ஒரே கூடம். அலமாரியும் சமையலறை மேடையும் பொருத்தியே தருகிறார்கள். கதவுகள் சக்கர நாற்காலி நுழையும் அகலம். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. ஒவ்வொரு மாடியிலும் பொதுக் கூடம் ஒன்று உண்டு, மேசை நாற்காலிகளோடு. உள்ளே எடுத்த சதுர அடியில் கொஞ்சத்தை வெளியே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டாயத் தொகுப்பில் வருபவை: 24 மணி நேர அவசர அழைப்புக் கண்காணிப்பு, கட்டடத்திலேயே ஒரு சமூக மேலாளர், அடிப்படை உடல்நலப் பரிசோதனை, பொதுக்கூட நடவடிக்கைகள், வீட்டில் சின்னச் சின்ன ரிப்பேர். குளிப்பாட்டி விடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, துணி துவைப்பது, சாப்பாடு கொண்டுவருவது இவையெல்லாம் தனிக் கட்டணம், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். பராமரிப்பை நடத்துவது செயின்ட் லூக்ஸ் எல்டர்கேர் என்ற அமைப்பு. தொகுப்புக் கட்டணத்தை ஒரேயடியாகவோ, ஒரு பகுதியை முன்பணமாகவும் மீதியை மாதாமாதமாகவும் கட்டலாம்.

ஏன் கட்டாயம்? இங்கேதான் திட்டத்தின் மூளை இருக்கிறது. விழுந்தால் வந்து தூக்க ஓர் ஆள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்றால், யாரும் விழாத மாதத்திலும் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மட்டும் கட்டலாம் என்று விட்டால், திடமாக இருப்பவர்கள் கட்ட மாட்டார்கள். தள்ளாதவர்கள் மட்டும் கட்டும்போது தலைக்கு ஆகும் செலவு ஏறும். 169 வீடும் கட்டினால் தாங்கும். வீட்டுக்கு ஒரு பணிப்பெண் என்ற சிங்கப்பூர் வழக்கத்துக்கு மாற்றாக, கட்டடத்துக்குச் சில பணியாளர்கள் என்ற கணக்கு இது. 32 சதுர மீட்டரில் பணிப்பெண்ணைத் தங்கவைப்பது எப்படியும் நெருக்கடிதான்.

இப்போது விலையைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம். 15 ஆண்டுக்கு 40,000 என்றால் மாதத்துக்கு 222 வெள்ளி விழுகிறது. 35 ஆண்டுக்கு 65,000 என்றால் மாதத்துக்கு 155. முதல் 15 ஆண்டுக்குப் பிறகு வரும் 20 ஆண்டுகளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது 25,000; அதை மாதமாக்கினால் 104 வெள்ளிதான். தள்ளிப் போகப் போக ஆண்டின் விலை குறைகிறது. சிங்கப்பூர் நிலக் கணக்கில் இது பழைய சங்கதி. குத்தகை நிலத்தை மதிப்பிட ‘பாலா அட்டவணை’ என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். நிரந்தர உரிமையுள்ள நிலம் 100 என்றால் 99 ஆண்டுக் குத்தகை 96, 30 ஆண்டுக் குத்தகை 60 என்று அது போகும். வீவக தன் வீட்டுக்கு விலை வைக்கும் முறை வேறு. ஆனாலும் தொலைவில் இருக்கும் ஆண்டு மலிவு என்ற தர்க்கம் ஒன்றுதான்.

ஆக இந்த வீடு கட்டுப்படியாவதற்கு வீடு சின்னது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, வாங்குபவர் தனக்குப் பின்னால் வரும் காலத்துக்குக் காசு கொடுப்பதில்லை என்பது. நாம் சாதாரணமாக வீடு வாங்கும்போது பேரன் காலத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். இங்கே அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். நிலம் தன் கையில் இருக்கிற அரசால்தான் அப்படி வெட்ட முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனைக்குச் சந்தை விலை கொடுத்து வாங்கிக் கட்டுகிற எந்த நிறுவனமும் 15 ஆண்டு கழித்துத் திரும்பி வரும் வீட்டை இந்த விலைக்குத் தராது.

ஓர் அத்தையின் கணக்கு

ஓர் அத்தையை வைத்துப் பார்ப்போம். நானே உண்டாக்கிக்கொண்ட ஆள். 72 வயது, கணவர் இல்லை. மூவறை வீடு, குத்தகையில் 60 ஆண்டு பாக்கி. மகன் தீவின் மறுகோடியில்.

முதல் வழி, நகராமல் இருப்பது. குத்தகையைத் திரும்ப வாங்கும் திட்டத்தில் 70 முதல் 74 வயது வரை உள்ளவர் குறைந்தது 25 ஆண்டைத் தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை 25-ஐ வைத்துக்கொண்டு 35-ஐ விற்கலாம். வரும் பணம் அவருடைய சேம நிதி ஓய்வுக் கணக்கில் ஏறி, ஆயுள் முழுவதும் மாத வருமானமாக வரும். மூவறை வீட்டுக்கு அதிகபட்சம் 30,000 வெள்ளி ரொக்க ஊக்கத்தொகையும் உண்டு. வீட்டில் கைப்பிடிக் கம்பி, சாய்தளம் எல்லாம் வைக்க வேறொரு திட்டம் இருக்கிறது. 2012-இலிருந்து நடக்கிறது, செலவில் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கும்.

இரண்டாவது வழி, வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்ஸிக்குப் போவது. 95-இல் 72 போனால் 23. எனவே 25 ஆண்டுக் குத்தகை. அக்கம்பக்கத்தில் இளம் குடும்பங்களும் இருக்கும். கவனிப்பு ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

மூன்றாவது புக்கிட் பாத்தோக். இதற்கும் 25 ஆண்டு. சாவி வாங்கிய 6 மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும். விற்ற பணத்தில், வீடு வாங்க அந்தக் காலத்தில் சேம நிதியிலிருந்து எடுத்ததும் அதன் வட்டியும் முதலில் நிதிக்கே திரும்பும். அதற்குப் பிறகும் கையில் ஒரு நல்ல தொகை நிற்கும்.

காசை மட்டும் பார்த்தால் மூன்றாவது வழி மோசமில்லை. ஆனால் அத்தை நாற்பது ஆண்டாக ஒரே புளோக்கில் இருப்பவர். கீழே ஈரச்சந்தையில் மீன்காரருக்கு அவரைத் தெரியும். இரண்டு நாள் ஆளைக் காணோம் என்றால் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் தட்டுவார். புதிய கட்டடத்தில் சமூக மேலாளர் சம்பளத்துக்குச் செய்வதை, பழைய புளோக்கில் பழக்கம் இலவசமாகச் செய்கிறது. அந்தப் பழக்கம் இருக்கும்வரை அத்தை முதல் வழியில் இருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மலாய்க்கார அம்மா மகளோடு வேறு பேட்டைக்குப் போய்விட்டால்தான் மூன்றாவது வழியின் உண்மையான விலை தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். மூன்றில் எதை எடுத்தாலும் மகனுக்குப் போகும் பங்கு குறையும். குத்தகையை விற்பதில் தொடக்க ஆண்டுகளில் ஆர்வம் குறைவாக இருந்ததற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டைப் பிள்ளைக்கு விட்டுப் போவது தமிழனுக்கும் சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் பொதுவான பிடிவாதம்.

இடறும் இடங்கள்

2021-இல் விண்ணப்பித்தவர்களுக்குச் சாவி கிடைத்தது 2024 டிசம்பரில். முப்பது வயதுக்காரருக்கு நாலு வருஷம் காத்திருப்பு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அன்றாட வேலைக்கே ஆள் துணை வேண்டிய முதியவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்துவிட்டு அவர்களை நாலு வருஷம் காக்கவைப்பது என்ன நியாயம்? கட்டிவைத்துவிட்டு விற்றிருக்கலாம். இளையவர்களுக்குப் பதிவு செய்து கட்டித் தரும் முறையையே 80 வயதுக்காரருக்கும் அப்படியே போட்டது பழக்கதோஷம்.

அடுத்தது, உடல் இன்னும் தளரும்போது. இது தாதிமை இல்லம் அல்ல. படுக்கையிலேயே கிடப்பவருக்கு இரவு பகலாகச் செய்ய வேண்டியதை இந்தத் தொகுப்பு தராது. 2020-இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி, ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவர்களுக்கு மாதப் பணம் தருகிறது. தொடங்கியபோது அது 600 வெள்ளி. உதவிதான், ஆனால் முழு நேர ஆளுக்கு அது போதாது. கடைசிச் சில மாதங்களில் மீண்டும் ஒரு இடமாற்றம் வேண்டியிருக்கலாம். எந்த வயதில் இடம் மாறுவது மிகவும் கஷ்டமோ அந்த வயதில்.

விற்க வீடே இல்லாதவர்களின் கதை வேறு. அவர்களுக்கு வாடகை வீடு இருக்கிறது. மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து ஆரம்பிக்கும். முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையைப் பகிர வேண்டியிருக்கும் முதியவர்களும் அங்கே உண்டு. 65,000 வெள்ளி மலிவு என்பது விற்க ஒரு மூவறை வீடாவது வைத்திருப்பவரின் பார்வை.

தமிழ் வாசகருக்காக ஒன்று சேர்க்கிறேன். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு. அதே விகிதம் 169 வீட்டிலும் இருந்தால் பதினைந்து வீடு தேறும். தமிழ் பேசுபவர்கள் அதிலும் குறைவு. பொதுக்கூடத்தில் சீன மொழிகளான ஹொக்கியனும் மாண்டரினும் ஓடிக்கொண்டிருக்க, ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒரு தாத்தா ஓரமாக உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. தமிழில் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்க ஒரு ஆள் இருப்பது தொகுப்பில் எழுதிக் கொடுக்கக்கூடிய விஷயம்தான். 1948-இல் பதிவான ஸ்ரீ நாராயண மிஷன் ஈசூனில் எல்லா இனத்தவருக்குமான தாதிமை இல்லம் ஒன்றை நடத்துகிறது. மொழியும் சாப்பாடும் பராமரிப்பின் பாதி என்பதை அப்படிப்பட்ட இடங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டை யாருக்கும் விற்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. தேவையில்லை என்றால் கழகத்திடமே ஒப்படைத்து, மிச்ச ஆண்டுகளின் மதிப்பைத் திரும்பப் பெற வேண்டும். வீடு மறுபடி இன்னொரு முதியவருக்குப் போக வழி இருக்கிறது. இது எனக்குப் பிடித்த அம்சம். 2022-இல் குவீன்ஸ்டவுனில் இரண்டாவது தொகுதியையும் விற்பனைக்கு விட்டார்கள். ஆகவே சோதனை என்ற சொல்லை இனிமேல் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

குத்தகை முடிந்த பிறகும் உயிரோடு இருப்பவரை வீதியில் விடமாட்டோம், தக்க இடம் பார்த்துத் தருவோம் என்பது வீவகவின் நிலைப்பாடு. அதை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கும் நிலை வரவில்லை. புக்கிட் பாத்தோக்கின் 15 ஆண்டுக் குத்தகைகள் 2039 டிசம்பர் வாக்கில் முடியத் தொடங்கும். விண்ணப்பித்தபோது 80 வயதாக இருந்தவர்களுக்கு அன்றைக்கு 98.